இருபத்தைந்தாவது மூச்சு

கேஷுவால்டிக்கு ஒருவர் நடந்தே வருகிறார். வயது அறுபதை ஒட்டி இருக்கும். மகன் பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டி வந்திருக்கிறான். "ரெண்டு நாளா காய்ச்சல் சிஸ்டர். வேற ஒண்ணுமில்ல, கொஞ்சம் அசதியா இருக்கு, அவ்வளவுதான்." பேச்சில் குழறல் இல்லை. சீட்டு எங்கே வாங்குவது என்றுகூட அவரேதான் விசாரிக்கிறார். சிஸ்டர் அளவுகளைக் குறித்துக்கொள்கிறார்: பிரஷர் 108, பல்ஸ் 104, காய்ச்சல் 101, விரலில் மாட்டிய கருவியில் ஆக்ஸிஜன் 95, மூச்சு நிமிடத்துக்கு 24.

இவர் என் கற்பனை நோயாளி. ஆனால் எந்த ஊர் கேஷுவால்டியிலும் எந்த ராத்திரியிலும் இவரைப் பார்க்கலாம். எண்களைத் தனித்தனியாக எடுத்தால் ஒன்றும் பதறவைக்காது. 108 பிரஷரோடு எத்தனையோ பேர் தினமும் வேலைக்குப் போய்வருகிறார்கள். காய்ச்சல் வந்தால் பல்ஸ் ஏறத்தான் செய்யும். ஆக்ஸிஜன் 95 என்று பார்த்து கோவிட் காலத்தில் நிம்மதியடைந்த குடும்பங்கள் உண்டு.

இதே எண்களை, லண்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல் வெளியிட்டு 2017-ல் திருத்திய ஓர் அட்டவணையில் போட்டுப் பாருங்கள். ‘தேசிய முன்னெச்சரிக்கை மதிப்பெண்’ என்பது அதன் பெயர். மருத்துவர்கள் சுருக்கமாக ‘நியூஸ்’ என்கிறார்கள். திருத்திய பதிப்பு ‘நியூஸ் 2’. மூச்சு, ரத்தத்தில் ஆக்ஸிஜன், வெளியிலிருந்து ஆக்ஸிஜன் கொடுக்கப்படுகிறதா, பிரஷர், பல்ஸ், நினைவு, உடல் வெப்பம் என ஏழு விஷயங்கள். ஒவ்வொன்றும் இயல்பிலிருந்து எவ்வளவு தள்ளிப்போயிருக்கிறதோ அதற்கேற்ப மார்க். ஒன்றுக்கு அதிகபட்சம் 3. நம்மவருக்கு பிரஷரில் 1, பல்ஸில் 1, காய்ச்சலில் 1, ஆக்ஸிஜனில் 1, மூச்சில் 2. மொத்தம் 6. அட்டவணையின் விதிப்படி 5 வந்தாலே மருத்துவர் அவசரமாகப் பார்க்க வேண்டும். 7 என்றால் தீவிர சிகிச்சையில் அனுபவமுள்ள குழுவே வரவேண்டும்.

சிஸ்டர் எண்ணியபோது 24-க்குப் பதில் 25 வந்திருந்தால்? 25-க்கு 3 மார்க். மொத்தம் 7 ஆகிவிடும். வித்தியாசம் ஒரே ஒரு மூச்சு. எண்ணாமலேயே பழக்கதோஷத்தில் 18 என்று எழுதியிருந்தால் மூச்சுக்கு 0, மொத்தம் 4. அவர் பெஞ்சில் உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருப்பார்.

மார்க் கூடினால் ஸ்வீட் கொடுக்கும் நாடு நம்முடையது. இந்தப் பரீட்சையில் பூஜ்யம்தான் முதல் ரேங்க்.

இப்படி மனித உடம்புக்கு மார்க் போடும் யோசனை எங்கிருந்து வந்தது? பிரசவ வார்டிலிருந்துதான் என்று சொல்லலாம். நியூயார்க்கில் மயக்க மருந்து நிபுணராக இருந்த வர்ஜீனியா அப்கார், பிறந்த குழந்தையின் நிலையை எப்படி அளப்பது என்று மாணவர் ஒருவர் சாப்பாட்டுக் கூடத்தில் கேட்க, கையில் கிடைத்த துண்டு அட்டையில் ஐந்து விஷயங்களை எழுதிக் காட்டினார் என்று ஒரு கதை உண்டு. இதயத் துடிப்பு, மூச்சு, தசையின் முறுக்கு, சீண்டினால் வரும் எதிர்வினை, நிறம். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2. அவருடைய கட்டுரை 1953-ல் அச்சானது. அதுவரை ‘குழந்தை கொஞ்சம் டல்லாக இருக்கிறது’ என்று பேசிக்கொண்டிருந்த அறையில், ‘மூன்று’ என்று ஒருவர் சொன்னால் எல்லோரும் ஓடத் தொடங்கினார்கள். 1974-ல் கிளாஸ்கோவின் கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னட்டும் தலையில் அடிபட்டவர்களின் நினைவுக்கு ஓர் அளவுகோல் (கிளாஸ்கோ கோமா ஸ்கேல், சுருக்கமாக ஜி.சி.எஸ்.) செய்தார்கள். கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, கைகால் அசைக்கிறாரா என்று மூன்றே கேள்வி. இன்றைக்கு மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு விபத்து கேஸை இன்னொரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது ‘ஜி.சி.எஸ். எவ்வளவு?’ என்பதுதான் போனில் வரும் முதல் கேள்விகளில் ஒன்று.

நியூஸின் நேரடி மூதாதை வேறு. 1990-ல் அமெரிக்காவின் மயாமியிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ஆஸ்பத்திரிக்குள் இருக்கும்போதே இதயம் நின்றுபோன 64 பேரின் கேஸ் ஷீட்களை எடுத்துப் பின்னோக்கிப் படித்திருந்தார்கள். 54 பேருக்கு, இதயம் நிற்பதற்கு முந்தைய 8 மணி நேரத்துக்குள்ளேயே நிலைமை மோசமாகிக்கொண்டிருந்ததற்கான குறிப்புகள் இருந்தன. மூச்சு வாங்குகிறது, குழப்பமாகப் பேசுகிறார், புதிதாக ஏதோ தொந்தரவு சொல்கிறார் என்றெல்லாம் யாரோ கவனித்து எழுதியும் வைத்திருக்கிறார்கள். அவற்றைக் கூட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை. திடீர் மரணம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி திடீரென்று வருவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கூட்டிப் பார்க்கும் வேலையை 1997-ல் தொடங்கியது இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள கிரேட் யார்மத் என்ற ஊரின் மருத்துவமனை. பிறகு ஆளுக்கொரு ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரிக்கொரு மதிப்பெண் என்று பெருகியது. ஒரு வார்டில் 4 ஆபத்து, அடுத்த ஊரில் 4 சாதாரணம். போர்ட்ஸ்மத் நகர ஆஸ்பத்திரியில் செவிலியர்கள் கையடக்கக் கருவியில் அளவுகளைப் பதிந்துகொண்டிருந்தார்கள். 35,585 அனுமதிகளிலிருந்து சேர்ந்த 1,98,755 பதிவுகளை வைத்து 2010-ல் அங்குள்ள குழு புதிய அட்டவணை ஒன்றை உருவாக்கியது. நியூஸ் அதன் பிள்ளை. 2018-ல் இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறை ஆம்புலன்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் ஒரே நியூஸ் 2-ஐப் பயன்படுத்தச் சொல்லிவிட்டது. ஆம்புலன்ஸ்காரர் ‘எட்டு’ என்று சொன்னால் வாசலில் காத்திருப்பவருக்கும் அது அதே எட்டு.

உடம்பின் இத்தனை சிக்கலையும் 0, 1, 2, 3 என்று மளிகைக்கடைச் சிட்டைபோலக் கூட்டினால் உண்மை எப்படி வரும்? இருபது வருட அனுபவமுள்ள மருத்துவரின் பார்வையை நான்கு கட்டம் மிஞ்சிவிடுமா? எனக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் பால் மீல் இதே கேள்வியை 1954-ல் ஒரு சிறிய புத்தகமாகவே எழுதினார். நிபுணரின் தீர்ப்பையும் வெறும் கணக்கையும் மோதவிட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், பெரும்பாலும் கணக்கு ஜெயித்தது அல்லது சமமாக வந்தது. 1979-ல் இன்னோர் உளவியலாளர் ராபின் டாஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். நுட்பமான எடைகள்கூட வேண்டாம். சரியான விஷயங்களைத் தேர்ந்தெடுத்துச் சும்மா கூட்டினாலே போதும் என்று காட்டினார். அவர் தந்த ஓர் உதாரணம், தம்பதிகளின் மணவாழ்க்கை மகிழ்ச்சியை, அவர்கள் கூடிய தடவைகளிலிருந்து சண்டை போட்ட தடவைகளைக் கழித்தே கணித்துவிடலாம் என்பது. கல்யாணத் தரகர்களுக்கு இந்தச் சூத்திரம் தெரியாமல் இருப்பதே நல்லது.

கணக்கு ஜெயிப்பதன் காரணம் கணக்கின் புத்திசாலித்தனம் அல்ல. அது களைப்படையாது. ராத்திரி மூன்று மணிக்கும் பகல் மூன்று மணிக்கும் அதே மார்க்தான் போடும். சீட்டை அவரே விசாரித்து வாங்கினாரே என்று ஏமாறாது. மருத்துவரின் கண்ணில் முதலில் படுவது சத்தம் போடுகிறவர். அட்டவணைக்குச் சத்தம் கேட்காது.

இனி மூச்சுக்கு வருவோம். உடலில் கிருமித் தொற்று பரவி ரத்த ஓட்டம் குறையும்போது திசுக்களில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. ரத்தம் அமிலமாகும் செய்தி கிடைத்ததும் மூளையின் அடியிலுள்ள முகுளம், கரியமில வாயுவை வெளியேற்றி ஈடுகட்டப் பார்க்கிறது. அதற்கு அதன் கையிலுள்ள வழி மூச்சை வேகமாகவும் ஆழமாகவும் ஆக்குவது. நுரையீரலில் சளி கட்டினாலும், ரத்தம் வெளியேறிக்கொண்டிருந்தாலும், சர்க்கரை நோயில் அமிலம் மிகுந்தாலும் முதலில் மாறுவது பெரும்பாலும் மூச்சுதான். பிரஷர் கடைசி வரை விட்டுக்கொடுக்காது. 70 கிலோ எடையுள்ளவர் உடம்பில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. இளவயதுக்காரருக்கு அதில் ஒன்றரை லிட்டர் போகும்வரைகூட ரத்தக்குழாய்கள் சுருங்கி பிரஷரைத் தாங்கிப்பிடித்துவிடும். பிறகு அது ஒரேயடியாகச் சரியும். ‘பிரஷர் நார்மல்’ என்ற இரண்டு சொல்லை நம்பி நேரம் போனது எத்தனை விபத்து கேஸ்களில் என்று அனுபவமுள்ள எமர்ஜென்சி மருத்துவர்களைக் கேட்டால் தெரியும்.

இவ்வளவு முக்கியமான அளவுதான் கேஸ் ஷீட்டில் மிக மோசமாகப் பதிவாகிற அளவும். பிரஷருக்கும் பல்ஸுக்கும் கருவி இருக்கிறது. மூச்சுக்கு ஒரு மனிதர் பக்கத்தில் நின்று நெஞ்சின் ஏற்ற இறக்கத்தை ஒரு நிமிடம் எண்ண வேண்டும். நாற்பது பேர் காத்திருக்கும் வரிசையில் அந்த ஒரு நிமிடத்தை யார் கொடுப்பது? அதனால் உலகம் முழுக்க ஆஸ்பத்திரிப் பதிவுகளில் 16, 18, 20 என்ற எண்கள் சந்தேகப்படும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வருகின்றன. வார்டு முழுவதும் ஒரே தாளத்தில் மூச்சு விடுவது நடக்கிற காரியமா? செவிலியரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆளைப் பாதியாகக் குறைத்துவிட்டு அளவை முழுதாகக் கேட்பவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

நம் மரபில் மூச்சுக்குக் கணக்கு உண்டு. நாளொன்றுக்கு 21,600 மூச்சு என்பது சித்தர் மரபில் வழங்கும் எண். சிதம்பரம் பொற்கூரையின் ஓடுகளும் அதே எண்ணிக்கை என்று சொல்வார்கள். வகுத்துப் பாருங்கள், நிமிடத்துக்குச் சரியாக 15. நியூஸ் 2 பூஜ்யம் போடும் எல்லை 12 முதல் 20 வரை.

இந்த மதிப்பெண்களை எவ்வளவு நம்பலாம் என்பதை ஆய்வாளர்கள் ஒரு விளையாட்டுபோல அளக்கிறார்கள். அடுத்த 24 மணி நேரத்துக்குள் இறந்த ஒருவரையும் பிழைத்த ஒருவரையும் குருட்டாம்போக்கில் எடுத்து, யாருக்கு மார்க் அதிகம் என்று பார்ப்பது. பூவா தலையா போட்டால் 100 ஜோடிகளில் 50 சரியாக வரும். போர்ட்ஸ்மத் தரவில் நியூஸுக்குக் கிடைத்தது 89-க்குச் சற்று மேல். அது வார்டில் கிடைத்த எண். பலதரப்பட்ட ஆட்கள் வந்து குவியும் எமர்ஜென்சியில் பொதுவாக இது குறைகிறது.

89 என்றதும் நூற்றுக்கு 89 தடவை பலிக்கும் என்று நினைத்துவிடக்கூடாது. கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: 1,000 பேர் வருகிறார்கள், 20 பேர் உண்மையிலேயே மோசமாகப் போகிறவர்கள். மதிப்பெண் அவர்களில் 16 பேரைப் பிடிக்கிறது. மீதி 980 பேரில் பத்து சதவீதம், அதாவது 98 பேருக்கும் மணி அடிக்கிறது. மொத்தம் 114 முறை மணி. அதில் நிஜம் 16. ஏழு தடவை ஓடினால் ஆறு தடவை வெறும் ஓட்டம். சில மாதங்களில் ஓட்டம் நடையாகிவிடும். எச்சரிக்கை மணிகளின் பெரிய எதிரி இந்தச் சலிப்புதான்.

மதிப்பெண்ணை இன்னும் எளிதாக்கியும் பார்த்தார்கள். ரத்தத் தொற்றுக்காக 2016-ல் வந்த ‘க்யூசோஃபா’வில் மூன்றே கேள்வி: மூச்சு 22 அல்லது அதற்கு மேலா, பிரஷர் 100 அல்லது அதற்குக் கீழா, நினைவில் மாற்றமா. இரண்டுக்கு ஆம் என்றால் எச்சரிக்கை. நம் காய்ச்சல்காரரைப் போட்டுப் பாருங்கள். மூச்சில் ஒன்று, மற்ற இரண்டிலும் பூஜ்யம். பாஸாகிவிடுகிறார்! 2021-ல் சர்வதேச வழிகாட்டுதல், இதை மட்டும் நம்பித் தொற்றைத் தேடாதீர்கள் என்று சொல்லிவிட்டது. மறுபக்கம், கணினியிடம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான ஆஸ்பத்திரிகளில் ஓடிக்கொண்டிருந்த தொற்றுக் கணிப்பு மென்பொருள் ஒன்றை மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் தங்கள் நோயாளிகளிடம் சோதித்து 2021-ல் வெளியிட்டார்கள். அதே விளையாட்டில் அதற்குக் கிடைத்தது 63. தொற்று வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரைத் தவறவிட்டிருந்தது.

வீட்டுக்கு அனுப்பலாமா என்ற கேள்விக்கும் மதிப்பெண் உண்டு. நெஞ்சுவலிக்கு நெதர்லாந்தில் 2008-ல் உருவான ‘ஹார்ட்’ மதிப்பெண், வலியின் தன்மை, ஈ.சி.ஜி., வயது, ஆபத்துக் காரணிகள், ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை போடுகிறது. அங்கே 10 ஆஸ்பத்திரிகளில் 2,440 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். 3-க்குள் எடுத்தவர்களில் ஆறு வாரத்துக்குள் மாரடைப்பு போன்ற பெரிய சிக்கல் வந்தது 1.7 சதவீதம் பேருக்கு. 7-ம் அதற்கு மேலும் எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு. வாயுப்பிடிப்பா மாரடைப்பா என்று கையைப் பிசைந்துகொண்டிருந்த இடத்தில் இது பெரிய வெளிச்சம். ஆனால் 1.7 என்பது கூட்டத்தின் எண். உங்கள் அப்பா அந்த 98-ல் ஒருவரா, இரண்டில் ஒருவரா என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது.

ஜோசியர் சொன்னது பலித்தால் அவருக்குப் பெருமை. நியூஸ் சொன்னது பலிக்காமல் போனால்தான் வார்டுக்குப் பெருமை. 7 என்றதும் ஓடிவந்து, ஆன்டிபயாடிக் போட்டு, சலைன் ஏற்றி அவரைக் காப்பாற்றிவிட்டால், ஆய்வாளரின் தாளில் அது ‘தவறான எச்சரிக்கை’ என்று பதிவாகக்கூடும். நன்றாக வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் மதிப்பெண் மக்குபோலத் தெரியும்.

இனி அட்டவணைக்குத் தெரியாதவை. வெறுந்தரையில் படுத்துறங்கும்போது கட்டுவிரியன் கடித்தவர் நள்ளிரவில் வந்தால் வீக்கம் இருக்காது, வலியும் பெரிதாக இராது. ஏழு கட்டத்திலும் பூஜ்யம் வரலாம். சில மணி நேரத்தில் இமை சொருகும், விழுங்க முடியாது, பிறகு மூச்சுத் தசைகள் நிற்கும். பூஜ்யத்தைப் பார்த்து வீட்டுக்கு அனுப்பினால் அதோடு முடிந்தது. அட்டெனோலால், மெட்டோபிரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ரத்தம் போனாலும் பல்ஸ் ஏறாது. முதியவர்களுக்குக் கடும் தொற்றிலும் காய்ச்சல் வராமல் இருக்கலாம். கர்ப்பிணிகளுக்கும் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் நியூஸ் 2 பொருந்தாது.

தோலின் நிறமும் இதில் விளையாடுகிறது. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் ஒளியை ஊடுருவவிட்டு அளக்கும் கருவி. 2020-ல் மிச்சிகனிலிருந்தே வந்த ஓர் ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில் ரத்தத்தை நேரடியாகச் சோதித்தபோது, கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 சதவீதத்தில் உண்மை அளவு 88-க்கும் கீழே இருந்தது. வெள்ளையர்களில் 3.6 சதவீதம். கருவி கொஞ்சம் கூட்டிச் சொன்னால் மார்க் குறைந்துவிடும். அப்காரின் ஐந்து கேள்விகளில் ஒன்று ‘நிறம்’ என்பதும், குழந்தை இளஞ்சிவப்பாக இருந்தால் முழு மார்க் என்பதும் நினைவுக்கு வருகிறது. நம்மைப்போன்ற மாநிறத்தாரும் கருநிறத்தாரும் 95 என்ற எண்ணைக் கொஞ்சம் தள்ளிவைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே அட்டவணையை ஊருக்கேற்பத் தைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் மருத்துவர்கள் தங்களுக்கென்று செய்த மதிப்பெண்ணில் ஆக்ஸிஜன் அளவுக்கு இடம் கொடுக்கவில்லை. பதிலாக, நோயாளி நடந்து வந்தாரா, தாங்கிப்பிடித்து வந்தாரா, ஸ்ட்ரெச்சரில் வந்தாரா என்று கேட்டார்கள். விலையில்லாத, கருவி வேண்டாத கேள்வி. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைத் திட்டத்தில் வருகிறவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பதும் இதே குடும்பத்து யோசனைதான். நிறம் எதுவானாலும் அதன் அடியில் யாரோ எடுத்த அளவு இருக்கிறது.

அந்த அளவுகளில் ஒன்றை நீங்களே எடுக்கலாம். வீட்டில் பெரியவர் யாருக்காவது காய்ச்சலோ அசதியோ என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன், அவரிடம் சொல்லாமல், பேச்சுக் கொடுக்காமல், நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். எண்ணுகிறீர்கள் என்று தெரிந்தால் மூச்சு மாறிவிடும். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டாம், முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 20-ஐத் தாண்டினால் அந்த எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுபோய், கேட்காவிட்டாலும் சிஸ்டரிடம் சொல்லுங்கள். 25 என்றால் வரிசையில் நிற்காமல் சொல்லுங்கள்.